கால்டுவெல் ஐயரும் எலைசா அம்மையாரும்

பிறந்த ஊரை விட்டுப் பணியின் பொருட்டு அயல் மண்ணில் குடியேறியவர் நாம். பேசும் மொழி வேறு. உண்ணும் உணவு வேறு. மழையும் வெயிலும்கூட வேறு. இந்நிலையில் உள்ள நமக்கு, கடல் கடந்து நம் தமிழகத்தில் வந்து குடியேறிய ஒருவரின் வரலாறு வழிகாட்டும். அவர்தாம் திராவிட மொழி நூலின் தந்தையெனப் போற்றப்பெறும் கால்டுவெல் ஐயர்.

அவருக்கும் நம் கல்கத்தாவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. லேக் கார்டன்ஸுக்கு வடக்கே, மைதானத்தின் ஓரமாக நிமிர்ந்து நிற்கிறது தூய பவுல் பேராலயம். நம்மில் பலர் நாள்தோறும் அதனைக் கடந்தே அலுவலகம் செல்கின்றனர். 1877 ஆம் ஆண்டு மார்ச் 11 ஆம் நாள், அப்பேராலயத்திலேதான் கால்டுவெல் அத்தியட்சராகத் திருநிலைப்படுத்தப்பெற்றார். அப்போது அவருக்கு வயது 62. அதற்குள் நெல்லைச் சீமையில் 35 ஆண்டுகள் உழைத்திருந்தார்.

அயர்லாந்து நாட்டில் 1814 ஆம் ஆண்டு மே 7 ஆம் நாள் பிறந்தவர் ராபர்ட் கால்டுவெல். இளமையில் ஓவியம் பயின்றார். பின்னர் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கற்றபோது மொழிகளை ஒப்பிட்டு ஆராய்வதில் வேட்கை கொண்டார். சமயப் பணி ஏற்று, 1838 ஜனவரியில் சென்னையில் வந்திறங்கினார். வந்தவுடன் அவர் மேற்கொண்ட முதல் வேலை தமிழ் கற்பது. மூன்றாண்டு அங்கிருந்து கற்றபின், 1841 இல் நெல்லைக்குப் புறப்பட்டார். குதிரையோ பல்லக்கோ நாடவில்லை. நாட்டையும் மக்களையும் அறிய வேண்டுமாயின் நடந்தே செல்லவேண்டும் எனத் துணிந்து, காவிரிநாடும் நீலகிரியும் கண்டு, கால்நடையாகவே சென்றார். அவ்வாண்டின் இறுதியில் இடையன்குடியை அடைந்தார்.

இடையன்குடி செழிப்பான ஊர் அன்று. செம்மணல் தேரியும் பனங்காடும் சூழ்ந்த சிற்றூர். பனையேறிப் பிழைக்கும் ஏழை மக்கள் அங்கு வாழ்ந்தனர். அவ்வூரையே தம் ஊராகக் கொண்டார் ஐயர். தெருக்களை ஒழுங்குபடுத்தி, கிணறுகள் தோண்டி, நிழல்மரங்கள் நட்டு, பள்ளிகள் தொடங்கினார்.

ஆயினும், தனியொருவராய் நின்று அவர் அவ்வூரைத் தம் வீடாக்கிக்கொள்ளவில்லை. 1844 இல் எலைசா அம்மையாரை மணந்தார். அம்மையாரின் பெற்றோராகிய மால்ட் தம்பதியர் 1819 முதல், அக்காலத்தில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த நாகர்கோவிலில் பணியாற்றியவர்கள். அம்மையார் அங்கு வளர்ந்தமையால், சிறுவயது முதலே தமிழைக் காதால் கேட்டு நாவால் பழகியவர். ஐயர் ஏட்டிலும் ஆசிரியரிடமும் கற்ற தமிழ், அம்மையாருக்கு வீட்டிலும் முற்றத்திலும் வாய்த்த தமிழ். ஊர்ப் பெண்டிர் தயக்கமின்றி வந்து பேசத்தக்கவராய் இருந்தார் அவர். பெண்களுக்கென விடுதிப் பள்ளி நடத்தினார். தம் அன்னை நாகர்கோவிலில் தொடங்கிய சரிகைப் பின்னல் வேலையை இடையன்குடிப் பெண்களுக்கும் கற்பித்தார். கைத்தொழிலால் அப்பெண்கள் கையில் காசு கண்டனர்.

இத்தகைய வாழ்விலிருந்தே 1856 இல், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது. தென்மொழிகள் தனிக்குடும்பம் என்னும் கருத்தை 1816 இலேயே சென்னையில் எல்லிஸ் துரை வெளியிட்டிருந்தார். அதனை வேர்ச்சொல், எண்ணுப்பெயர், மூவிடப்பெயர், வினைத்திரிபு ஆகியவற்றால் விரிவாக நிலைநாட்டியவர் கால்டுவெல். 1875 இல் வந்த இரண்டாம் பதிப்பில் பன்னிரண்டு மொழிகளை எண்ணினார். அவற்றுள், வங்கத்தை அடுத்த இராசமகால் மலை மக்களின் மொழியும் ஒராவோன் மக்களின் மொழியும் உள. நம் தமிழுக்கு இப்பகுதியிலும் உறவினர் உண்டு என்பதை எண்ணி மகிழலாம். அவர் கூறிய அனைத்தையும் இன்றைய அறிஞர் ஏற்பதில்லை. எனினும், அவர் இட்ட அடிப்படை அசையவில்லை.

பெரியோர் வாழ்விலும் பிழை உண்டு. அதனை மறைப்பது வரலாறு ஆகாது. தாம் வாழ்ந்த பகுதி மக்களைப் பற்றி 1849 இல் அவர் ஆங்கிலத்தில் எழுதிய சிறுநூல் அம்மக்களின் மனத்தைப் புண்படுத்தியது. அவர்கள் கல்வியில் உயர்ந்து அந்நூலைத் தாமே படித்தபோது கடுமையாக எதிர்த்தனர். எட்டாண்டு உடனிருந்து பழகியவரும் ஒரு மக்களை முற்றும் அறிந்துவிட்டதாக எண்ணலாகாது என்பது இதனால் விளங்கும். ஆயினும் அவர் ஊரை விட்டு நீங்கவில்லை, பணியையும் நிறுத்தவில்லை. 1847 இல் தொடங்கிய இடையன்குடிக் கோயிலை 33 ஆண்டுகள் பொறுமையுடன் கட்டி 1880 இல் முடித்தார். மறு ஆண்டில் திருநெல்வேலியின் வரலாற்றையும் நூலாக்கினார்.

முதுமையில் இத்தம்பதியர் மீண்டும் ஒருமுறை குடிபெயர்ந்தனர். 1883 இல், எழுபதை நெருங்கிய வயதில், நாற்பதாண்டு வாழ்ந்த ஊரை விட்டுத் தூத்துக்குடி சென்று, கல்லூரிப் பணியில் ஈடுபட்டனர். 1891 இல் ஓய்வுபெற்ற ஐயர், அவ்வாண்டு ஆகஸ்டு 28 இல் கோடைக்கானலில் மறைந்தார். அவர் உடல் மலையினின்று இறங்கி இடையன்குடிக்கே வந்தது. தாம் கட்டிய கோயிலினுள் அடக்கம் பெற்றது. 1899 இல் மறைந்த அம்மையாரும் அங்கேயே துயில்கின்றார்.

சென்னைக் கடற்கரையில் 1968 இல் ஐயருக்குச் சிலை எழுந்தது. இடையன்குடியில் அவர் வாழ்ந்த இல்லம் அரசின் நினைவில்லமாயிற்று. ஆனால் அவர் பெயரைச் சொல்லும் நாம் அம்மையாரின் பெயரைச் சொல்வதில்லை. நம் குடியிருப்பை எண்ணிப் பாருங்கள். ஆடவர் அலுவலகத்தில் அறிந்த வங்கமொழி எவ்வளவு? சந்தையிலும் பள்ளி வாயிலிலும் அண்டை வீட்டிலும் பேசிப் பேசி, அம்மொழியை வீட்டுக்குள் கொணர்ந்தவர் நம் தாய்மாரும் சகோதரியருமே அல்லரோ? வீட்டில் தமிழை வாடாது காப்பவரும் அவரே.

குடியேறிய மண்ணின் மொழியை உளமாரக் கற்போம். நம் மொழியை மக்களுக்குத் தவறாது தருவோம். இரண்டும் ஒரே வீட்டில் வாழக்கூடும் என்பதற்கு இடையன்குடி இல்லமே சான்று.