தம் வீட்டிலிருந்தே நீதியைத் தொடங்கிய கலீபா

சட்டத்தின் பெயராலேயே எளியோர்க்கு அநீதி இழைக்கப்படுவதை நாம் காண்கிறோமல்லவா? அதனைக் களைய முற்பட்ட ஓர் ஆட்சியாளரின் வாழ்வை எண்ணிப் பாருங்கள், அன்பர்களே!

உமைய்யாக் குலத்தில் தோன்றிய ஹஜ்ரத் உமர் பின் அப்துல் அஜீஸ் (ரஹ்) ஹிஜ்ரி 99இல் (கி.பி. 717) கலீபாவானார். தம் குடும்பத்தார் முறையின்றிச் சேர்த்திருந்த நிலங்களை மீட்க முனைந்தவர், முதலில் தம்முடையவற்றையே துறந்தார். துணைவியார் பாத்திமாவின் நகைகளும் பைத்துல்மாலைச் சேர்ந்தன.

அந்நாளில் குராஸானில் இஸ்லாத்தைத் தழுவியோரிடமும் ஜிஸ்யா வரி வசூலிக்கப்பட்டது. அரபியரல்லாத 20,000 வீரர்கள் ஊதியமின்றிப் போரிட்டதாக வரலாற்றாசிரியர் தபரீ குறிப்பிடுகிறார். முறையீடு செவியை எட்டியதும், அவ்வரியை நிறுத்துமாறு கலீபா ஆணையிட்டார். வரிக்கு அஞ்சியே இஸ்லாத்தில் இணைந்தனரோவெனப் புதிய முஸ்லிம்களைச் சோதிக்க விழைந்த ஆளுநர் அல்ஜர்ராஹைப் பதவியினின்றும் நீக்கினார்.

ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகளே ஆண்டு, கி.பி. 720இல் மறைந்தார். பின்வந்தோர் பெரிதும் பழைய வழிக்கே திரும்பினர். ஒருவரது நேர்மையால் மட்டும் நீதி நிலைத்துவிடாது. மற்றவர்களும் அதனைக் காத்தல் வேண்டும். கடையாயினும் ஜமாஅத்தாயினும், நம் பொறுப்பிலுள்ள இடத்தில் நம்மவர்க்கு ஓர் அளவும் பிறர்க்கு வேறோர் அளவும் வைத்திருக்கிறோமா? சிந்திப்போமாக!