நார்பர்ட் வீனர்

நார்பர்ட் வீனர் (நவம்பர் 26, 1894 – மார்ச் 18, 1964) அமெரிக்காவைச் சேர்ந்த கணிதவியலாளர் ஆவார். உயிரினங்களிலும் இயந்திரங்களிலும் கட்டுப்பாடும் செய்திப் பரிமாற்றமும் நிகழும் விதத்தை ஆராயும் சைபர்நெட்டிக்ஸ் என்னும் துறையைத் தோற்றுவித்தவர் இவரே. கணினிகள் பரவலாவதற்கு முன்பே, அவற்றால் சமூகத்துக்கு நேரக்கூடிய தீங்குகளை வெளிப்படையாக எடுத்துரைத்த அறிவியலாளர்களுள் இவர் முதன்மையானவர்.

இளமையும் கல்வியும்

வீனர் மிசூரி மாநிலத்தின் கொலம்பியா நகரில் பிறந்தார். தந்தை லியோ வீனர், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஸ்லாவிய மொழிகளின் பேராசிரியராக விளங்கியவர். மகனுக்குத் தொடக்கக் கல்வியைப் பெரும்பாலும் வீட்டிலேயே அளித்தார். வீனர் 1909இல், தமது 14ஆம் அகவையில், டஃப்ட்ஸ் கல்லூரியில் கணிதப் பட்டம் பெற்றார். 1913இல், 18ஆம் அகவையில், ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் கேம்பிரிட்ஜில் பெர்ட்ரண்ட் ரசலிடமும் கோட்டிங்கனில் டேவிட் ஹில்பர்ட்டிடமும் பயின்றார்.

1919இல் மாசாச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்து, பணி ஓய்வு பெறும் வரை அங்கேயே பணியாற்றினார். பிரௌனியன் இயக்கத்துக்கு இவர் அளித்த கணித விளக்கம் இன்று வீனர் செயல்முறை எனப்படுகிறது. 1926இல் மார்கரெட் எங்கமனை மணந்தார். இவர்களுக்கு இரு மகள்கள் பிறந்தனர்.

போர்க்கால ஆய்வுகள்

இரண்டாம் உலகப் போரின்போது வீனர் விமான எதிர்ப்புப் பீரங்கிகளின் குறிபார்த்தலை ஆராய்ந்தார். குண்டு மேலே சென்று சேர்வதற்குள் விமானம் இடம் மாறிவிடும். ஆகவே விமானம் இப்போது இருக்கும் இடத்தை அல்லாமல், சில நொடிகளுக்குப் பின் இருக்கப்போகும் இடத்தை நோக்கிச் சுட வேண்டும். ஜூலியன் பிகலோ என்ற பொறியாளருடன் இணைந்து, விமானத்தின் கடந்தகால இயக்கத்திலிருந்து எதிர்கால நிலையை நிகழ்தகவு முறையில் கணிக்கும் வழியை உருவாக்கினார். இக்கருவி போரில் பயன்பாட்டுக்கு வரவில்லை எனினும், அதன் கணிதம் சைகைச் செயலாக்கத்தின் அடிப்படைகளுள் ஒன்றாயிற்று.

இவ்வாய்வின் வழியே பின்னூட்டு என்ற கருத்தின் முக்கியத்துவத்தை வீனர் உணர்ந்தார். தன் செயலின் விளைவை அறிந்து அடுத்த செயலைத் திருத்திக்கொள்வதே பின்னூட்டு ஆகும். மனிதக் கையும் தானியங்கி இயந்திரமும் இந்த ஒரே முறையில் இயங்குவதை, உடலியங்கியலாளர் ஆர்துரோ ரோசன்புளூத்துடன் சேர்ந்து ஆராய்ந்தார். 1948இல் சைபர்நெட்டிக்ஸ் என்ற நூல் வெளியானது. சுக்கான் பிடிக்கும் மீகாமனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயர் அமைந்தது.

இராணுவ ஆய்வுகளைக் கைவிடல்

1945இல் ஹிரோஷிமா, நாகசாகி நகரங்கள் மீது அணுகுண்டு வீசப்பட்டது வீனரின் போக்கை மாற்றியது. ஏவுகணை ஆய்வில் ஈடுபட்டிருந்த விமான நிறுவனம் ஒன்றின் அறிவியலாளர், வீனரின் போர்க்கால அறிக்கையின் படி ஒன்றைக் கேட்டு எழுதினார். வீனர் மறுத்துவிட்டார். அம்மறுப்புக் கடிதம் 1947 சனவரியில் அட்லாண்டிக் மந்த்லி இதழில் வெளியாயிற்று. ஓர் ஆய்வு யார் கைக்குச் செல்லும், எதற்குப் பயன்படும் என்பதை ஆய்வாளர் பொருட்படுத்தாதிருக்க இயலாது என்பதே அதன் சாரம். அதே மாதம் ஹார்வர்டில் நடந்த கணிப்பொறி மாநாட்டில் உரையாற்றுவதிலிருந்தும் விலகிக்கொண்டார். அம்மாநாட்டுக்குக் கடற்படை ஆதரவு அளித்திருந்தது.

தானியங்கு இயந்திரங்களும் தொழிலாளரும்

தொழிற்சாலைகளைத் தானியங்கச் செய்வதற்கு வீனரின் ஆலோசனையை ஒரு தொழில் நிறுவனம் நாடியது. விளைவுகளைச் சிந்தித்த அவர் அதற்கு இணங்கவில்லை. மாறாக, 1949 ஆகஸ்டு 13 அன்று வாகனத் தொழிலாளர் சங்கத் தலைவர் வால்டர் ராய்தருக்குக் கடிதம் எழுதினார். கணிப்பொறிகளால் இயங்கும் தொழிற்சாலைகள் பெரும் வேலையின்மையை உருவாக்கும் என எச்சரித்து, சங்கம் முன்கூட்டியே ஆயத்தமாகத் தாம் உதவுவதாகவும் அதில் தெரிவித்தார்.

1950இல் வெளியான த ஹியூமன் யூஸ் ஆஃப் ஹியூமன் பீயிங்ஸ் என்ற நூல் இக்கருத்துகளைப் பொதுமக்களுக்காக விளக்கியது. தானியங்கி இயந்திரம் பொருளாதார நோக்கில் அடிமை உழைப்புக்குச் சமமானது; அதனுடன் போட்டியிடும் தொழிலாளர் அடிமை உழைப்பின் நிலைமைகளையே ஏற்க நேரிடும் என்று அதில் வாதிட்டார். இயந்திரம் தானாக ஆட்சியைக் கைப்பற்றும் என்பதைக் காட்டிலும், சில மனிதர்கள் ஏனைய மனிதர்களை அடக்க அதனைக் கருவியாக்குவர் என்பதையே பெரிய ஆபத்தாகக் கருதினார்.

நோக்கமும் விளைவும்

1960இல் சயின்ஸ் இதழில் எழுதிய கட்டுரையில், தானாகக் கற்கும் இயந்திரங்களைப் பற்றி ஆராய்ந்தார். இயந்திரம் மனிதரைவிட விரைவாகச் செயல்படுமாயின், தவறு தெரிந்து தடுப்பதற்குள் காரியம் முடிந்துவிடக்கூடும். எனவே அதற்கு இடப்படும் நோக்கம், நாம் உண்மையில் விரும்பும் நோக்கம்தானா என்பதை முன்பே உறுதிசெய்தல் வேண்டும் என்றார்.

இதனை விளக்க, ஆங்கில எழுத்தாளர் டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் எழுதிய குரங்குப் பாதம் கதையை வீனர் தம் நூல்களில் எடுத்துக்காட்டினார். மந்திரப் பாதத்திடம் 200 பவுண்டு கேட்கிறது ஒரு குடும்பம். கேட்ட பணம் கிடைக்கிறது. ஆனால் ஆலை விபத்தில் இறந்த மகனுக்கான இழப்பீடாகக் கிடைக்கிறது. கேட்டதை மட்டும் தரும் கருவி, கேட்காமல் விட்டவற்றைக் காக்காது.

மாற்றுக் கருத்துகள்

செக்கர்ஸ் ஆட்டத்தைக் கற்கும் நிரலை எழுதிய ஆர்தர் சாமுவேல், இயந்திரத்துக்குச் சொந்த விருப்பம் இல்லை என்று கூறி, 1960இலேயே அதே இதழில் வீனரை மறுத்தார். வீனர் அஞ்சிய அளவிலான வேலையின்மையும் அடுத்த இருபது ஆண்டுகளில் அமெரிக்காவில் ஏற்படவில்லை. மேலும், அவர் இராணுவ ஆய்விலிருந்து விலகிய பின்னரும் அவருடைய கணிதம் ஆயுதக் கட்டுப்பாட்டுத் துறையில் தொடர்ந்து பயன்பட்டது.

இந்தியாவில்

வீனர் 1955-56இல் கொல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்தில் வருகைப் பேராசிரியராகப் பணியாற்றினார். இந்தியக் கணிதவியலாளர் பெசி மசானி இவருடன் இணைந்து ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார். 1990இல் இவரது வாழ்க்கை வரலாற்றையும் வெளியிட்டார்.

மறைவும் நினைவும்

1964 சனவரியில் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சனிடமிருந்து தேசிய அறிவியல் பதக்கத்தைப் பெற்றார். அதே ஆண்டு மார்ச் 18 அன்று சுவீடனின் ஸ்டாக்ஹோமில் மாரடைப்பால் காலமானார். காட் அண்ட் கோலம் இன்க் என்ற இவரது நூலுக்கு 1965இல் அமெரிக்கத் தேசியப் புத்தக விருது வழங்கப்பட்டது.

சமூகப் பொறுப்புக்கான கணினித் தொழில்வல்லுநர்கள் என்ற அமைப்பு 1987இல் இவர் பெயரில் விருது ஒன்றை நிறுவியது. விண்வெளிப் பாதுகாப்புத் திட்டத்தின் ஆலோசனைக் குழுவிலிருந்து விலகிய மென்பொருள் அறிஞர் டேவிட் பார்னாசுக்கு முதல் விருதும், எலைசா நிரலை உருவாக்கியபின் கணினிகள் மீதான மிகை நம்பிக்கையைக் கடுமையாக விமர்சித்த ஜோசப் வைசன்பாமுக்கு 1988ஆம் ஆண்டு விருதும் வழங்கப்பட்டன. அவ்வமைப்பு 2013இல் கலைக்கப்பட்டது.