வேலூர்ச் சிறைக்குத் திரும்பிய தாய்

மரக்காணத்து உப்பளங்களை உச்சி வெயிலிலே பார்த்திருக்கிறீர்களா? பாத்தி பாத்தியாய்த் தேங்கிய நீர் சுண்டிச் சுண்டி வெண்மையாகிறது. வாரியதைக் கூடையில் அள்ளிச் சும்மாட்டின் மேல் ஏற்றி, வரப்போடு நடக்கிறாள் பெண். கண் கூசுகிறது, கால் வெடிக்கிறது. அந்த உப்பிலே ஒரு பிடியை வரி கட்டாமல் அள்ளினால் குற்றம் என்றான் வெள்ளையன். அள்ளியவள் குற்றவாளி, வரி தண்டியவன் நீதிமான்!

மரக்காணம் அன்று தென்னாற்காடு மாவட்டம். அதன் தலைநகரான கடலூரின் முதுநகரில் 1890இல் பிறந்தவர் அஞ்சலை அம்மாள். அவர் நம் பாசறைக்காரரல்லர். கதர் உடுத்திய காங்கிரசுக்காரர். ஆனால் என்ன? வீரத்துக்குக் கட்சிச் சீட்டு வேண்டியதில்லை.

1921இல் ஒத்துழையாமை இயக்கத்திலே இறங்கினார். பெண் தெருவுக்கு வந்து பேசுவதையே ஊர் வியந்து பார்த்த காலம். கணவர் முருகப்பர் தடுக்கவில்லை, துணை நின்றார். நிலமும் வீடும் இயக்கத்துக்காக விலை போயின. 1927இல் சென்னை மவுண்ட் ரோட்டிலிருந்த நீல் சிலையை அகற்றக் கோரிப் போர் எழுந்தது. 1857 எழுச்சியில் மக்களைக் கொத்துக் கொத்தாய்த் தூக்கிலிட்ட தளபதி அவன். அப்போரில் தாயோடு ஒன்பது வயது மகள் அம்மாக்கண்ணுவும் சிறைப்பட்டாள். காந்தியார் பின்னர் அச்சிறுமியைத் தம் ஆசிரமத்துக்கு அழைத்துச் சென்று, லீலாவதி என்று பெயரிட்டார்.

1930இல் உப்புப் போர். கடற்கரை மாவட்டத்துப் பெண் அதிலே பின்தங்குவாரா? அடிபட்டார், புண்பட்டார், மீண்டும் மீண்டும் சிறை புகுந்தார். அப்படி வேலூர்ச் சிறையில் அடைபட்டபோது அம்மையார் கருவுற்றிருந்தார்.

இங்கே சற்று நிற்போம். சிறை என்பது ஆணுக்காக ஆண் கட்டியது. பூட்டு, கம்பி, வருகைப் பதிவு, தண்டனை நாள் கணக்கு, எல்லாம் அவனை மனத்தில் வைத்து வகுத்தவை. மாதம் ஏற ஏற மாறுகின்ற உடலுக்கு அந்த ஏட்டிலே இடமேது? பேறுகாலத்துக்காக அம்மையாரை வெளியே விட்டார்கள். ஆண் குழந்தை பிறந்தது. இரண்டு வாரம்கூட நிறைந்ததோ இல்லையோ, அதே வேலூருக்குத் திரும்பினார். பெற்ற உடல் தேறிற்றா, பிள்ளைக்குப் பால் போதுமா என்பதெல்லாம் வெள்ளையன் சட்டத்துக்குக் கவலையில்லை. மிச்ச நாள்தான் கணக்கு! அந்தப் பிள்ளைக்கு ஜெயில் வீரன் என்றே பெயர். பிற்பாடு அது ஜெயவீரன் ஆயிற்று.

கடலூருக்கு வந்த காந்தியாரை அவர் சந்திக்கக் கூடாதென்று தடை போட்டதும், முகத்தை மறைத்து பர்தா அணிந்து குதிரை வண்டியில் போய்ச் சந்தித்ததும் பலரறிந்த கதை. விடுதலைக்குப் பிறகு சட்டமன்றத்திலும் அமர்ந்தார். 1961இல் மறைந்தார்.

வெள்ளையன் காலத்துக் கொடுமைதானே என்று கடந்து போக முடியுமா? 1937இல் மாகாணத்திலே காங்கிரசு அமைச்சரவை ஏறியது. மறு ஆண்டே கட்டாய இந்தியை எதிர்த்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், டாக்டர் தருமாம்பாள் முதலியோர் சிறைக்கு அனுப்பப்பட்டனர். அந்தப் போரில் சிறை சென்ற பெண்கள் 73 பேர்; அவர்களோடு போன குழந்தைகள் 32. ஆளும் கை மாறியது, கம்பி மாறவில்லை. அம்மையாரின் கட்சி ஆட்சிதான் அது என்பதை மறைத்து எழுத நமக்கு விருப்பமில்லை.

பின்னால் வந்தவை சில உண்டு. தமிழ்நாட்டுக் காவல்துறையில் பெண்களைச் சேர்த்தது 1973இல் கழக ஆட்சி. பெண் சிறையாளிகள் குறித்து நீதிபதி கிருஷ்ணய்யர் குழு 1987இல் அறிக்கை தந்தது. கூடுமானவரை பேறு சிறைக்கு வெளியே நடக்க வேண்டும், பிறப்புச் சான்றிலே சிறையைப் பிறந்த இடமாகக் குறிக்கக் கூடாது, ஆறு வயது வரை குழந்தை தாயுடன் இருக்கலாம் என்று 2006இல் உச்ச நீதிமன்றம் வகுத்தது. 2010இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற பாங்காக் விதிகள் இன்னும் ஒரு படி மேலே போயின: சிறைக்குள் வரும் பெண் அதற்கு முன்பே வன்கொடுமைக்கோ அடி உதைக்கோ ஆளானவளா என்று மருத்துவர் கேட்டறிய வேண்டும், அதற்கேற்ற சிகிச்சை தர வேண்டும் என்கின்றன.

கணக்கைப் பாருங்கள். 2022 இறுதியில் நாட்டுச் சிறைகளில் இருந்த பெண்கள் 23,772 பேர். அவர்களில் 1,537 தாய்மார்களோடு 1,764 குழந்தைகள். சிறையாளிகளிலே நால்வரில் மூவர் தீர்ப்பே வராத விசாரணைக் கைதிகள்.

அஞ்சலை அம்மாளுக்குப் பின்னால் ஓர் இயக்கம் இருந்தது. வாசலில் மாலையோடு காத்திருக்கக் கூட்டம் இருந்தது. மரக்காணத்து உப்பளத்தில் கூடை சுமப்பவள் ஒருத்தி வழக்கில் சிக்கினால் பிணைக்குக் கையெழுத்திட ஆள் தேட வேண்டும். ஆகவே நாம் கேட்பது பெரிதல்ல. ரிமாண்டுக்குக் கொண்டுவந்த முதல் நாளிலேயே, நீ கருவுற்றிருக்கிறாயா, வீட்டிலே பால்குடிப் பிள்ளை உண்டா, உன்னை யார் அடித்தது என்று அவளைக் கேட்கட்டும். கேட்டதையும் அவள் சொன்ன விடையையும் நீதிமன்ற ஏட்டில் எழுதட்டும்.