சேர்பிய வீராங்கனை மிலுன்கா சாவிச்

போர்க்களத்தில் மிக அதிகமான விருதுகளைப் பெற்ற பெண் எனப் பலராலும் குறிப்பிடப்படுபவர் சேர்பிய நாட்டின் மிலுன்கா சாவிச். அவரது போர்க்களத் துணிவு பல நூல்களில் எழுதப்பட்டுள்ளது. போர் முடிந்தபின் அரை நூற்றாண்டுக்கு மேலாக அவர் வாழ்ந்த வாழ்வோ அதிகம் பேசப்படுவதில்லை. பெண்கல்வியால் உயர்ந்த எமக்கு அந்தப் பிற்பகுதியே நெருக்கமானது.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில், கொப்ரிவ்னித்சா என்னும் மலைக் கிராமத்தில் அவர் பிறந்தார். 1912இல் பால்கன் போர் மூண்டபோது படையில் சேருமாறு அவருடைய சகோதரனுக்கு அழைப்பு வந்தது. மிலுன்கா தலைமுடியைக் கத்தரித்து, ஆணுடை அணிந்து, ஆணின் பெயரில் அவனுக்குப் பதிலாகப் போனார். 1913இல் பிரெகால்னித்சா ஆற்றங்கரைச் சமரில் காயமுற்று வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்ட வேளையிலேயே அவர் பெண் என்பது தெரியவந்தது.

தாதியாகப் பணியாற்றலாம் என்று தளபதி கூறியும் அவர் இணங்கவில்லை. காலாட்படையிலேயே இருக்க விரும்பினார். மறுநாள் முடிவு சொல்வதாகத் தளபதி கூற, பதில் கிடைக்கும்வரை அவ்விடத்திலேயே நிமிர்ந்து நின்று காத்திருந்தாராம். இறுதியில் அவர் விருப்பமே நிறைவேறியது.

1914இல் முதலாம் உலகப் போர் தொடங்கிற்று. கொலுபாராச் சமரில் காட்டிய வீரத்துக்காக, சேர்பியாவின் உயர் போர் விருதான கராஜோர்ஜே நட்சத்திரம் அவருக்குக் கிடைத்தது. 1915இல் ஜேர்மனி, ஒஸ்திரியா-ஹங்கேரி, பல்கேரியா ஆகிய மூன்றும் சேர்ந்து தாக்கியதால், சேர்பியப் படை கடுங்குளிரில் அல்பேனிய மலைகளைக் கடந்து பின்வாங்கியது. தலையில் காயம்பட்டிருந்த மிலுன்காவும் அந்தப் பயணத்தில் உயிர் தப்பினார். உடல் தேறியதும் மீண்டும் போர்முனைக்குச் சென்றார். 1916இல் செர்னா ஆற்று வளைவில் தனியொருவராக 23 பல்கேரியப் படைவீரரைச் சிறைப்பிடித்தார் என்பது அவரைப் பற்றிய புகழ்பெற்ற செய்தி. கராஜோர்ஜே நட்சத்திரம் இரண்டாம் முறையும் அவருக்கு வழங்கப்பட்டது. பிரான்ஸ், ரஷ்யா, பிரித்தானியா ஆகிய நாடுகளும் அவரைக் கௌரவித்தன.

போர் முடிந்தபின், ஓய்வூதியத்துடன் பிரான்சில் வாழ வருமாறு அழைப்பு வந்தது. அதை ஏற்காமல் அவர் தாய்நாட்டிலேயே தங்கினார். திருமணமாகி மிலேனா என்ற மகளைப் பெற்றார். மணவாழ்வு நிலைக்கவில்லை. மேலும் மூன்று பெண்பிள்ளைகளைத் தத்தெடுத்து வளர்த்தார். பிள்ளைகளைக் காப்பாற்ற அவருக்குக் கிடைத்த தொழில், பெல்கிறேட் நகர வங்கியொன்றைத் துப்புரவு செய்வது. பல நாடுகளின் விருதுகளைப் பெற்ற பெண் தும்புத்தடி பிடித்து வங்கித் தரையைக் கூட்டினார். அந்தச் சொற்ப ஊதியத்தில் தம் பிள்ளைகளை வளர்த்ததோடு, சொந்தக் கிராமத்துப் பிள்ளைகள் 30 பேர்வரை பள்ளிக்கல்வி பெறவும் உதவினார்.

ஆட்சிகள் மாறின, நாடு அவரை மறந்தது. முதுமையிலும் பழுதடைந்த வீடொன்றிலேயே வாழ்ந்தார். பத்திரிகைகள் எழுதிய பின்னரே, 1972இல் நகரசபை அவருக்கு அடுக்குமாடியில் ஒரு சிறிய வீட்டைக் கொடுத்தது. மறு ஆண்டு, 1973 ஒக்டோபர் 5ஆம் திகதி, அவர் காலமானார். 40 ஆண்டுகள் கழித்து, 2013இல், அவரது உடலெச்சங்கள் பெல்கிறேட்டில் நாட்டின் பெரியோர் துயிலும் இடத்துக்கு மாற்றப்பட்டன.

அரச மரியாதை காலந்தாழ்ந்து வந்தது. ஆனால் அவர் படிப்பித்த பிள்ளைகள் அதற்கு வெகு முன்னரே வளர்ந்து பெரியவர்களாகிவிட்டார்கள். பாடசாலைக் கட்டணத்துக்காகவும் கொப்பி புத்தகத்துக்காகவும் எங்கோ ஒருவர் பேசாமல் உழைத்ததால் படிக்க வந்தவர்கள் எம்மிலும் பலர் உண்டு. அவர்களுடைய பெயர்கள் எந்தப் பரிசுப் பலகையிலும் இல்லை. இந்த நூற்றாண்டில் அவர்களையும் நினைப்போம். எமது ஊரில் இன்று படிக்க வழியின்றி நிற்கும் பிள்ளை யார் என்றும் விசாரிப்போம்.