பட்டமும் வாழ்க்கைப் பணியும்: சி. வை. தாமோதரம் பிள்ளை

கல்லூரிப் படிப்பை முடித்து வெளியேறும் மாணவர் ஒவ்வொருவரிடமும் உற்றாரும் ஊராரும் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. எடுத்துப் படித்த பாடத்திற்கு என்ன வேலை கிடைக்கும் என்பதே அது. தமிழ் பயில்வோரிடம் இக்கேள்வி சற்றுக் கடுமையாகவே கேட்கப்படுகிறது. பிள்ளையின் எதிர்காலத்தை எண்ணிக் கேட்கும் பெற்றோரை நாம் குறைகூற இயலாது. ஆயினும், படித்த பாடமே ஒருவரின் வாழ்நாள் பணியை முடிவுசெய்து விடுகிறதா என்று எண்ணிப் பார்த்தல் நம் கடமை. இதற்கு விடைகாணச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளுள் ஒருவரான சி. வை. தாமோதரம் பிள்ளையின் வாழ்க்கையை நோக்குவோம்.

யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் 1832-ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். தந்தையாரிடம் தமிழ் கற்றார். பின்னர் அமெரிக்க மிஷனார் நடத்திய வட்டுக்கோட்டைச் செமினரியில் ஆங்கிலமும் கணிதமும் பிற கலைகளும் பயின்றார். கோப்பாயில் ஆசிரியராகப் பணிதொடங்கிய அவரைப் பெர்சிவல் பாதிரியாரின் தொடர்பு சென்னைக்குக் கொண்டுவந்தது. அங்கே தினவர்த்தமானி என்னும் இதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் நிறுவப்பெற்றது. அது நடத்திய முதல் பி.ஏ. தேர்வில் வெற்றி பெற்றவர் இருவரே. ஒருவர் தாமோதரம் பிள்ளை. மற்றவர் விசுவநாத பிள்ளை. இருவரும் யாழ்ப்பாணத்தவர். இன்றுபோல் ஒரு பாடத்தை மட்டும் முதன்மையாகக் கொண்ட பட்டம் அன்று இல்லை. மொழி, கணிதம், வரலாறு, அறிவியல் எனப் பலவற்றிலும் மாணவர் தேர்ச்சி பெறவேண்டியிருந்தது. எனவே அவரைத் தமிழ்ப் பட்டதாரி என்றோ கணிதப் பட்டதாரி என்றோ நாம் பெயரிட்டு அழைக்க இயலாது.

அவர் ஏற்ற பணிகளும் அவ்வாறே பலவாக அமைந்தன. மாநிலக் கல்லூரியில் தமிழ் கற்பித்தார். கள்ளிக்கோட்டையில் பள்ளிப் பணியாற்றினார். அரசாங்க வரவு செலவுக் கணக்குச் சாலையில் அலுவலரானார். அலுவலில் இருந்துகொண்டே சட்டம் பயின்று 1871-இல் பி.எல். பட்டம் பெற்றார். கும்பகோணத்தில் வழக்கறிஞராக விளங்கினார். புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் நீதிபதியாகவும் அமர்ந்தார். ஆசிரியர், இதழாளர், கணக்கர், வழக்கறிஞர், நீதிபதி என்னும் இவற்றுள் எதற்காக இன்று நாம் அவரை நினைக்கிறோம்? எதற்காகவும் அன்று. செல்லரித்து அழியவிருந்த ஏட்டுச்சுவடிகளை அச்சேற்றித் தந்தமைக்காகவே நினைக்கிறோம்.

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையுடன், ஆறுமுக நாவலர் பரிசோதித்துதவ, 1868-இல் வெளியிட்டார். வீரசோழியம் 1881-இலும், இறையனார் அகப்பொருள் 1883-இலும், தொல்காப்பியப் பொருளதிகாரம் நச்சினார்க்கினியர் உரையுடன் 1885-இலும் வெளிவந்தன. எட்டுத்தொகையுள் முதன்முதலில் அச்சுக்கண்ட கலித்தொகையை 1887-இல் தந்தார். சூளாமணியை 1889-இல் பதிப்பித்தார். வீரசோழியம் பௌத்தர் இயற்றியது. சூளாமணி சமணக் காப்பியம். அவரோ சைவர். சமயம் பாராது தமிழ் நூல் என்னும் ஒன்றையே கருதி அவர் உழைத்தமை நம் அனைவரின் நன்றிக்கும் உரியது.

இப்பணிக்கு எந்தப் பட்டமும் அவரைப் பணிக்கவில்லை. எவரும் ஊதியம் வழங்கவில்லை. தம் வருவாயையும் அதில் செலவிட்டார். எனினும் அவர் ஏற்ற அலுவல்கள் இப்பணிக்கு இடையூறாக மட்டும் இருந்தன என்று நாம் கருதவில்லை. ஒரு நூலின் பிரதிகள் பலவற்றைத் திரட்டி, அவை ஒன்றோடொன்று முரணும் இடங்களில் எது மூலபாடம் எனத் தெளிவது, சாட்சிகள் பலரை விசாரித்து உண்மை காண்பதை ஒத்த செயலாகும். வழக்குமன்றத்தில் பழகிய கண் ஏட்டைப் புரட்டும்போதும் அவருக்கு உதவியிருக்கும் என்றே எண்ணுகிறோம். கற்றது எதுவாயினும், அதனால் அமைந்த மனப்பயிற்சி பிறிதொரு துறையிலும் துணைவரும் என்பதற்கு இது சான்று.

ஆயினும் ஒன்றை மறைத்தல் முறையன்று. பட்டதாரிகள் அரியராயிருந்த காலம் அது. எந்தப் பட்டமாயினும் அரசுப் பணிக்கு வழி திறந்தது. பட்டதாரிகள் பல்கிப் பெருகிய இக்காலத்தில், பாடத்தேர்வு முதல் வேலையைப் பெரிதும் பாதிக்கவே செய்யும். மருத்துவம் பயிலாதவர் மருத்துவராதல் இயலாது. ஆதலின் பாடம் பொருட்டன்று என நாம் வாதிடவில்லை. முதல் வேலைக்குப் பாடம் வழிகாட்டலாம். அதற்குப்பின் நீளும் முப்பது நாற்பது ஆண்டுகளுக்கும் அதுவே எல்லையாகிவிடாது என்பதே நாம் கூற விழைவது. தாமோதரம் பிள்ளை முப்பத்தெட்டு வயதைக் கடந்த நிலையில் சட்டப் பட்டம் பெற்றார். அவர்தம் பெரும்பதிப்புகள் பலவும் ஐம்பதை ஒட்டியும் கடந்துமே வெளிவந்தன. 1901 சனவரி முதல் நாளில் அவர் மறைந்தார்.

தமிழ் பயிலும் மாணவர் தம் பாடத்தை எண்ணி நாணவேண்டியதில்லை. அதனோடு நின்றுவிடவும் வேண்டா. கணக்கோ, கணிப்பொறியோ, சட்டமோ, பிறிதொரு மொழியோ உடன் கற்றல் நன்று. பிற துறை பயில்வோரும், தம் உள்ளம் விரும்பும் கல்விக்கு நாளில் சிறிது பொழுது ஒதுக்கட்டும். சமுதாயப் பெரியோர்களிடம் நாம் வேண்டுவதும் ஒன்றுண்டு. நம் பிள்ளைகளிடம் என்ன வேலை கிடைக்கும் எனக் கேட்கும்போதே, எதனை விரும்பிக் கற்கிறாய் என்றும் ஒருமுறை கேளுங்கள். அந்த விடையையும் கருத்திற்கொண்டு அவர்களுக்கு வழிகாட்டுங்கள்.