கம்ப்யூட்டருக்கு வேலை கற்றுக்கொடுத்த கிரேஸ் ஹாப்பர்

குட்டீஸ்! சாரல் காலத்தில் குற்றாலம் வரும் குடும்பங்களைக் கவனித்திருக்கிறீர்களா? சிலர் அடுப்பு, அண்டா, கரண்டி எல்லாவற்றையும் சுமந்து வருவார்கள். சுமை அதிகம், ஆனால், எங்கேயும் சமைக்கலாம். சிலர் கைவீசி வந்து, தங்கும் இடத்தின் பொது அடுப்பில் சமைப்பார்கள். சுமை இல்லை, ஆனால், அந்த அடுப்பு பழுதானால் எல்லோரும் பட்டினி!

கம்ப்யூட்டர் புரோகிராம்களிலும் இதே கதைதான். அதற்குப் பிள்ளையார் சுழி போட்டவர்களில் ஒருவர் கிரேஸ் ஹாப்பர்.

அமெரிக்காவின் நியூயார்க் நகரில், 1906 டிசம்பர் 9ல் பிறந்தார். ஏழு வயதில், அலாரம் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று அறிய, வீட்டில் இருந்த ஏழு கடிகாரங்களையும் கழற்றிப் போட்டுவிட்டார். இனி ஒரு கடிகாரத்தை மட்டுமே தொடலாம் என்று கட்டுப்பாடு போட்டார் அம்மா!

1934ல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்று, கல்லூரியில் பாடம் நடத்தினார். இரண்டாம் உலகப்போரின்போது கடற்படையில் சேர விரும்பினார். வயது அதிகம், எடை குறைவு என்று தடை வந்தது. விடாமல் முயன்று, 1943ல் சேர்ந்தார். மறு ஆண்டு, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த, 'மார்க் 1' என்ற ராட்சதக் கம்ப்யூட்டரில் வேலை.

அங்கே ஒரு தொல்லை. அடிக்கடி வரும் கணக்குகளுக்கான கட்டளைகளை, ஒருவர் நோட்டைப் பார்த்து மற்றவர் கையால் காப்பி எடுப்பார்கள். ஓர் எண் மாறினாலும் விடை தப்பு!

இந்த வேலையைக் கம்ப்யூட்டரே செய்தால் என்ன என்று யோசித்தார் கிரேஸ். அது நடக்காது என்றனர் பலர். அவர் கேட்கவில்லை. கட்டளைத் துண்டுகளை காந்த நாடாவில் பதிந்து, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்தார். எண்ணைச் சொன்னால் போதும். துண்டைத் தேடி எடுத்து, புரோகிராமில் சேர்த்துவிடும் கம்ப்யூட்டர். 1952ல் உருவான இதன் பெயர், 'ஏ-0.'

இது, சொந்த அடுப்பைச் சுமக்கும் முறை. தேவையான எல்லாம் புரோகிராமுக்குள்ளேயே இருக்கும். பின்னாளில், ஒரே துண்டைப் பொதுவில் வைத்து, பல புரோகிராம்கள் பகிரும் முறையும் வந்தது. இதில் இடம் மிச்சம். பிழையை ஓரிடத்தில் திருத்தினால் போதும். ஆனால், பொதுத் துண்டு காணாமல் போனால், அதை நம்பிய அத்தனையும் நின்றுவிடும். இன்று இரண்டு முறையும் உண்டு.

தென்காசி அருகே மத்தளம்பாறையில் இப்போது மென்பொருள் தயாராகிறது. எங்கே தயாரானாலும் இந்தக் கேள்வி வரும்: சுமந்து போவதா, பகிர்ந்து கொள்வதா?

கிரேஸ், 79 வயதில், 1986ல் கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றார். 1992 ஜனவரி 1ல் மறைந்தார். கடிகாரத்தைக் கழற்றிய அந்தக் கேள்வி கேட்கும் குணம் மட்டும் கடைசிவரை மாறவில்லை. நீங்களும் கேளுங்கள், குட்டீஸ்!