விஷ அவரையில் கண் மருந்து!

ஆப்பிரிக்காவில் காலபார் என்று ஓர் ஊர். நைஜீரியா நாட்டில் இருக்கிறது. அந்த வட்டாரத்தில் ஒரு கொடி வளர்கிறது. அதன் விதை பெரிய அவரை விதை போல இருக்கும். கொடிய விஷம்! முற்காலத்தில் ஒருவர் மீது குற்றம் சாட்டினால், இந்த அவரையைத் தின்னக் கொடுப்பார்கள். பிழைத்தால் நிரபராதி. செத்தால் குற்றவாளி.

இந்த விஷத்திலேயே மருந்தும் இருந்தது. அதன் பெயர் பைசோஸ்டிக்மைன். 'கிளாக்கோமா' என்ற கண் நோய்க்கு 19-ம் நூற்றாண்டிலேயே டாக்டர்கள் அதைக் கொடுத்தார்கள்.

இந்த நோயில் பெரும்பாலும் கண்ணுக்குள் ஊறும் நீர் சரியாக வடியாது. அழுத்தம் ஏறும். கண்ணில் இருந்து மூளைக்குச் செல்லும் நரம்பில் சுமார் 10 லட்சம் இழைகள் உண்டு. அவை சிறிது சிறிதாகச் சாகும். செத்த இழை மீண்டும் உயிர் பெறாது. போன பார்வை திரும்பாது. பைசோஸ்டிக்மைன் சொட்டு விட்டால் கண் பாப்பா சுருங்கும். நீர் வடியும். அழுத்தம் குறையும்.

அவரையே இல்லாமல் அந்த மருந்தைச் செய்து காட்டியவர் பெர்சி ஜூலியன்.

விரல் இழந்த தாத்தா

ஜூலியன் 1899-ம் ஆண்டு ஏப்ரல் 11-ந் தேதி, அமெரிக்காவில் மாண்ட்கோமரி நகரில் பிறந்தார். கறுப்பு இனத்தவர். தாத்தா அடிமையாக இருந்தவர். அவர் கையில் இரண்டு விரல்கள் இல்லை. எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டதற்காக அவற்றை வெட்டிவிட்டார்கள்!

பேரன் கல்லூரிக்குப் போனார். இந்தியானா மாநிலத்தில் உள்ள டிபா கல்லூரி அது. வெள்ளை மாணவர்களின் விடுதியில் பரிமாறும் வேலை செய்து, பரண் அறையில் படுத்துக்கொண்டார். 1920-ல் வகுப்பிலேயே முதல்வராகத் தேறினார். ஹார்வர்டில் எம்.ஏ. பட்டம் பெற்றார். டாக்டர் பட்டத்துக்கோ கடல் கடந்து வியன்னாவுக்குப் போக வேண்டியிருந்தது. 1931-ல் அதையும் வாங்கினார்.

பெரியவருடன் மோதல்

பிறகு டிபா கல்லூரியிலேயே ஆராய்ச்சி. வியன்னா நண்பர் ஜோசப் பிக்ல் துணை நின்றார். அதே மருந்தைச் செய்ய இங்கிலாந்தில் ராபர்ட் ராபின்சனும் முயன்றுகொண்டிருந்தார். உலகப் புகழ் பெற்ற ரசாயன மேதை; பின்னாளில் நோபல் பரிசு பெற்றவர். மருந்துக்கு முந்தைய படியான ஒரு பொருளைச் செய்துவிட்டதாக அவர் எழுதினார்.

ஜூலியனும் அதே பொருளைச் செய்தார். இரண்டும் ஒன்றாக இல்லை! யாராவது ஒருவர் செய்தது தவறு. ராபின்சன் செய்ததுதான் தவறு என்று ஜூலியன் பகிரங்கமாக எழுதினார். சொல் பொய்த்தால் அவர் வாழ்வு அதோடு முடிந்தது.

சோதனை எளியதுதான். அவரையில் இருந்து கிடைத்த பொருளும் கையால் செய்த பொருளும் ஒரே சூட்டில் உருக வேண்டும். ஜூலியனின் பொருள் அப்படியே உருகியது! 1935-ல் பைசோஸ்டிக்மைனையே முழுதாகச் செய்து முடித்தார்.

பரிசு? கல்லூரி அவருக்குப் பேராசிரியர் பதவி தர மறுத்தது. காரணம் நிறம்.

சோயாவில் மருந்து

1936-ல் சிகாகோவில் கிளிடன் என்ற பெயிண்டு கம்பெனி அவரை ஆராய்ச்சித் தலைவராக்கியது. சோயா எண்ணெய்த் தொட்டி ஒன்றில் ஒரு நாள் தண்ணீர் புகுந்துவிட்டது. அடியில் வெள்ளையாக ஏதோ படிந்தது. மற்றவர்களுக்கு அது நஷ்டக் கணக்கு. ஜூலியனுக்கோ பழகிய முகம். காலபார் அவரையிலும் அவர் கண்ட பொருள் அது! அதில் இருந்து ஹார்மோன்கள் செய்தார். மூட்டு வீக்கத்தைத் தணிக்கும் கார்ட்டிசோன் வகை மருந்துகளை மலிவாகச் செய்யவும் வழி தேடினார், 1949-ல் கண்டார்.

(இந்த வகை மருந்துகளை டாக்டரைக் கேளாமல் கண்ணில் விடக்கூடாது. கண் அழுத்தம் ஏறி, கிளாக்கோமாவே வரக்கூடும்.)

வீட்டுக்குத் தீ

1950-ல் சிகாகோ அருகே ஓக் பார்க்கில் வீடு வாங்கினார். வெள்ளையர் வாழும் பகுதி. குடி போகும் முன்பே வீட்டுக்குத் தீ வைக்க முயன்றார்கள். மறு ஆண்டு வெடிகுண்டு! பிள்ளைகள் தூங்கும் அறைக்கு வெளியே அது வெடித்தது. தந்தையும் சிறு மகனும் துப்பாக்கியோடு இரவில் காவல் இருந்தார்கள். ஜூலியன் வீட்டை விட்டுப் போகவில்லை.

1973-ல் அமெரிக்க தேசிய விஞ்ஞானக் கழகம் அவரை உறுப்பினராக்கியது. 1975 ஏப்ரல் 19-ந் தேதி காலமானார். இன்று கிளாக்கோமாவுக்கு வேறு சொட்டு மருந்துகள் வந்துவிட்டன. டிபா கல்லூரியின் விஞ்ஞானக் கட்டடத்துக்கு ஜூலியன் பெயரை வைத்திருக்கிறார்கள்.